‘.இந்தியா’, ‘.இலங்கை’ டொமைன் வாங்கலாமா? அதன் பாதகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் சின்னக் கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. “தம்பி, நம்ம கடைப் பேரைத் தமிழிலேயே அடிச்சா சைட் வருமாமே, அதை வாங்கிப் போடு” என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார். வாங்கிக் கொடுத்துமிருக்கிறேன், வேண்டாம் என்று தடுத்துமிருக்கிறேன். தமிழில் முகவரி என்றதும் மனது குளிர்வது எனக்கும் உண்டு. அதனால்தான் அதன் தொல்லைகளை முதலில் எழுதிவிடுகிறேன். நல்ல பக்கத்தைச் சொல்ல விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நாட்டு நீட்சி என்றால் என்ன?

இணைய முகவரியின் (டொமைனின்) கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது நீட்சி. இந்தியாவுக்கு டாட் இன், இலங்கைக்கு டாட் எல்கே, சிங்கப்பூருக்கு டாட் எஸ்ஜி. ஆரம்பத்தில் இவை எல்லாம் இரண்டு ஆங்கில எழுத்துகள்தாம். 2009 நவம்பரில், இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு ஒரு விரைவு வழியைத் திறந்தது. ஒரு நாடு தன் பெயரைத் தன் மொழியின் எழுத்திலேயே நீட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் அரபு எழுத்தில் முதலில் நுழைந்தன. ரஷ்யா அதே மாதத்தில் பின்தொடர்ந்தது.

தமிழில் எத்தனை இருக்கின்றன?

மூன்று: .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர். இலங்கையுடையது 2010-இல் வந்தது, மற்ற இரண்டும் 2011-இல். இந்தியாவுக்கு மொத்தம் 15 நீட்சிகள் இப்படி உண்டு, அட்டவணை மொழிகள் 22-ஐயும் அவற்றுக்குள் அடக்கிவிட்டார்கள். இந்திக்காரருக்கு ‘.பாரத்’ என்று நாகரி எழுத்தில் வருகிறது, தெலுங்குக்காரருக்கும் வங்காளிக்கும் அதே பெயர் அவரவர் எழுத்தில். தமிழுக்கு மட்டும் பாரதத்தை விட்டு ‘இந்தியா’ என்றே வைத்தார்கள். அந்தமட்டில் எனக்குத் திருப்தி.

இந்த மூன்றுக்கும் முன்னால் நான்காவதாக ஒன்று இருந்தது, பலருக்குத் தெரியாது. 2007 அக்டோபரில் ஐகான் 11 சோதனை நீட்சிகளை இணையத்தின் மூல வலயத்தில், அதாவது எல்லா நீட்சிகளையும் வைத்திருக்கும் தலைமைப் பட்டியலில், சேர்த்தது. அரபு, சீனம், ரஷ்யம், இந்தி, கிரேக்கம் இவற்றோடு தமிழும் உண்டு. தமிழ்ச் சோதனை முகவரி இது: உதாரணம்.பரிட்சை. கவனித்தீர்களா? ‘பரீட்சை’ என்று நெடில் வர வேண்டிய இடத்தில் குறில். உலகத்துக்கே பொதுவான மூல வலயத்தில் எழுத்துப்பிழையோடு நின்ற அந்தச் சொல் 2013-இல்தான் எடுக்கப்பட்டது. சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, எழுத்துக்கூட்டல் கேள்வியில் மறுபடி வரும்.

தமிழில் அடித்தால் இணையம் அதைத் தமிழாகவே புரிந்துகொள்ளுமா?

புரிந்துகொள்ளாது. முகவரியைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் ஏற்பாட்டில் புழங்குவது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சிறுகோடும் மட்டுமே. தமிழில் நீங்கள் அடிப்பதை உலாவி முதலில் ஒரு ஆங்கிலக் குறியீட்டுச் சரமாக மாற்றுகிறது. பியூனிகோடு என்று பெயர், 2003-இல் வகுத்த முறை. ‘இந்தியா’ என்ற நீட்சி மட்டும் இப்படி ஆகிறது: எக்ஸ், என், இரண்டு சிறுகோடு, பிறகு எக்ஸ் கே சி 2 டி எல் 3 ஏ 5 இ இ 0 எச். மொத்தம் 17 குறிகள். இதற்கு முன்னால் உங்கள் கடைப்பெயரும் இதே கோலத்தில் வரும்.

இதெல்லாம் திரைக்குப் பின்னால்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். திரை அடிக்கடி விலகும் என்பதுதான் சங்கடம். சர்வர் கணக்கின் அமைப்புப் பக்கத்தில், தளத்தின் பாதுகாப்புக்கு வாங்கும் எஸ்எஸ்எல் சான்றிதழில், வருகைக் கணக்கு அறிக்கையில், பிழைச்செய்தியில் எங்கும் இந்தச் சரமே நிற்கும். பல உலாவிகளில் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் தமிழ் போய் இதுதான் விழும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் இணைப்பை யாருக்காவது அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை பழக்கம். அங்கே சதவீதக் குறிகளாக நீளும், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது குறிகள். இங்கே எக்ஸ் என்.

ஒரு வாடிக்கையாளரின் தளம் ஒருநாள் படுத்துவிட்டது. சர்வர் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். டொமைன் பெயர் என்ன என்று கேட்டார் எதிர்முனைப் பெண். தமிழ்ப் பெயரைச் சொன்னேன். அவருடைய திரையில் அப்படி எதுவும் இல்லை. பிறகு அந்தச் சரத்தை எழுத்தெழுத்தாக, ‘டி ஃபார் டெல்லி’ பாணியில், இரண்டு தரம் ஒப்பித்தேன். அருகில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் கேட்டார்: “இதுவா தம்பி நம்ம தமிழ்ப் பேரு?”

மின்னஞ்சல் வேலை செய்யுமா?

தமிழ் டொமைன் வாங்கியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ‘தகவல்@கடைப்பெயர்.இந்தியா’ என்ற முகவரியை விளம்பரத்தில் பார்க்க அழகாயிருக்கும். அந்த முகவரி நடமாட, அனுப்புகிற சர்வர், இடையில் கைமாற்றும் சர்வர், பெறுகிற சர்வர் மூன்றுமே புதிய நெறிமுறையைக் கற்றிருக்க வேண்டும். அந்த நெறிமுறையே 2012-இல்தான் முறைப்படி வெளிவந்தது. ஜிமெயில் 2014 ஆகஸ்டில் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் வழி செய்தது. ஆனால் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜிமெயிலில் இல்லை. பழைய சர்வர் வைத்திருக்கும் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து வரவேண்டிய ஆர்டர் வழியிலேயே திரும்பிப் போகும். திரும்பிப் போனது அனுப்பியவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை.

பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று ஒரு சமாதானம் உண்டு: @ குறிக்கு முன்னால் ஆங்கிலம், பின்னால் தமிழ் டொமைன். டொமைன் பகுதியைப் பியூனிகோடாக மாற்றிப் பழைய சர்வர்களும் அனுப்பிவிடும் என்பதால் இது ஓரளவு ஓடும். ஆனால் பெறுகிறவர் கண்ணில் படுவது பல நேரம் அந்த எக்ஸ் என் சரம். முன்பின் தெரியாத ஒருவர் அப்படி ஒரு முகவரியிலிருந்து விலைப்பட்டியல் அனுப்பினால் நீங்கள் திறப்பீர்களா? நான் திறக்கமாட்டேன்.

இன்னொன்று, படிவங்கள். வங்கி, காப்பீடு, ரயில் சீட்டு என எந்தப் படிவத்திலும் மின்னஞ்சல் கட்டத்தைச் சரிபார்க்க யாரோ ஒரு நிரலர் பத்து வருஷத்துக்கு முன் எழுதிய விதி இருக்கும். ஆங்கில எழுத்து வேண்டும், கடைசிப் புள்ளிக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு எழுத்து வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். தமிழைக் கண்டதும் ‘தவறான மின்னஞ்சல்’ என்று சிவப்பில் எழுதும். ஓர் அரசுத் தளத்தின் படிவத்திலேயே எனக்கு இது நடந்தது. அரசின் ஒரு கை தமிழ் நீட்சியை விற்கிறது, இன்னொரு கை அதை வாங்க மறுக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கவென்றே ‘அனைவருக்குமான ஏற்பு’ என்ற பெயரில் 2015-இல் ஒரு வழிகாட்டுக் குழு தொடங்கினார்கள், 2023 மார்ச் 28-இல் அதற்கென முதல் உலக நாளும் கொண்டாடினார்கள். நீட்சிகள் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நினைவூட்ட ஒரு நாள்! கல்யாணம் முடித்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்பிய கதைதான்.

போலி முகவரி வைத்து ஏமாற்ற இது வழி செய்கிறதா?

செய்கிறது. ஆங்கிலத்திலும் இந்த ஏமாற்று உண்டு. 2017 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுக்க முழுக்க சிரிலிக் எழுத்துகளால் (ரஷ்ய மொழிக்குப் பயன்படும் எழுத்து முறை) எழுதி ஒரு டாட் காம் முகவரியைப் பதிந்து காட்டினார். உலாவியின் பட்டையில் அசலுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. குரோம் அடுத்த பதிப்பில் அவசரமாகச் சரிசெய்தது.

தமிழில் நமக்கு வேறு எழுத்துக்குப் போகவே வேண்டாம், சொந்த எழுத்துக்குள்ளேயே குழி இருக்கிறது. இந்த இரண்டையும் பாருங்கள்: ஔவை, ஒளவை. முதலாவதில் ‘ஔ’ ஒரே எழுத்து. இரண்டாவதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனி. கௌரி, கெளரி என்பதும் அப்படித்தான்: ஒன்றில் ஔகாரக் குறி, மற்றதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு டொமைன். ‘கௌரி சில்க்ஸ்’ என்று நீங்கள் வைத்தால் ‘கெளரி சில்க்ஸ்’ என்று வேறொருவர் வைக்கலாம். வாடிக்கையாளர் எதை அடிப்பார் என்பது அவருடைய விசைப்பலகையும் பழக்கமும் தீர்மானிப்பது. அச்சகத்தில் வேலை பார்த்த பலர் இன்றும் ளகரம் போட்டுத்தான் ஔகாரம் அடிக்கிறார்கள்.

அடுத்தது ‘ஸ்ரீ’. தமிழ்நாட்டில் இந்தச் சொல் இல்லாமல் கடை ஏது? கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: ‘ஸ’வில் தொடங்கி, அல்லது 2005-இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கி. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் தெரியும். பல விசைப்பலகைகள் முதலாவதைத் தருகின்றன, சில இரண்டாவதை. இவை போதாதென்று தமிழ் எண்கள்: உ என்ற எழுத்தும் ௨ என்ற எண்ணும், எ என்ற எழுத்தும் ௭ என்ற எண்ணும் சிறிய எழுத்தளவில் மயக்கும்.

நீட்சிகளை நிர்வகிக்கும் பதிவகங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. எந்தெந்த எழுத்தை அனுமதிப்பது, எதை மாற்றுருவாகக் கருதி முடக்குவது என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஆனால் அட்டவணை ஒவ்வொரு பதிவகத்துக்கும் தனி. டாட் காமிலும் தமிழ் எழுத்தில் பெயர் பதிய முடியும், அங்கே விதி வேறு. ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் பெயரில் ஔகாரம், ஸ்ரீ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் இரண்டு வடிவத்தையும் சோதியுங்கள்.

நீட்சியே இப்படி மாட்டிக்கொண்டதும் உண்டு. பல்கேரியா தன் எழுத்தில் கேட்ட நீட்சி பிரேசிலின் டாட் பிஆர் மாதிரி தெரிகிறது என்று 2010-இல் ஐகான் மறுத்தது. அது மூல வலயத்தில் ஏற 2016 ஆனது.

எங்கள் பெயரில் ஔகாரமும் இல்லை, ஸ்ரீயும் இல்லை. தப்பித்தோமா?

காப்பிக் கடை வைத்திருக்கிறீர்களா? காபி, காப்பி, காஃபி. மூன்றும் தெருவில் பலகைகளில் இருக்கின்றன, மூன்றும் அவரவருக்குச் சரி. எங்கள் ஊரில் டிகிரி காப்பிக்குப் பெயர் போன கடைகளின் பலகைகளை மட்டும் நின்று பார்த்தாலே இது தெரியும், ‘டிகிரி’யையே ‘டிக்ரி’ என்று எழுதியவர் உண்டு. ஹோட்டல், ஓட்டல். ஜுவல்லர்ஸ், ஜூவல்லரி, ஜுவெல்லர்ஸ். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்றால் தமிழில் மூன்று நான்கு வடிவம் எப்படியும் தேறும். சந்திப்பிழை தனிக்கதை: ‘பாத்திரக்கடை’யா ‘பாத்திர கடை’யா? டொமைனில் இடைவெளி கிடையாது, ஒற்று போட்டால் ஒரு முகவரி, போடாவிட்டால் இன்னொன்று.

ஆங்கில முகவரியில் மாறுபாடு வராதா என்றால் வரும்தான். ஆனால் அங்கே கடைக்காரரே ஒரு வடிவத்தை நிலைநாட்டிவிடுகிறார், கேட்பவரும் ‘ஸ்பெல்லிங் என்ன?’ என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். தமிழ்ச் சொல்லுக்கு யாரும் ஸ்பெல்லிங் கேட்பதில்லை. தெரியும் என்று நினைத்து அடிப்பார்கள், தவறான கதவு திறக்கும். பரீட்சையைப் ‘பரிட்சை’ என்று உலக மூல வலயத்திலேயே எழுதிய இனம் நாம், வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லி என்ன?

அப்படியானால் எல்லா வடிவத்தையும் வாங்கிவிடலாமா?

பணம் இருந்தால் வாங்கலாம். நாட்டு நீட்சி ஒன்று புதிதாக வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் நடப்பது இதுதான்: ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பவர் அதே பெயரைக் காப்பாற்ற மறுபடி வாங்குகிறார். புது வருமானம் பதிவகத்துக்கும், பெயரை நமக்கு விற்கிற பதிவாளருக்கும், புதுச் செலவு பழைய பெயர்க்காரருக்கு. டாட் காம், டாட் இன், கோ டாட் இன் மூன்றும் வைத்திருப்பவர் நான்காவதாக .இந்தியாவும் வாங்குகிறார், அதிலும் காபி, காப்பி இரண்டும். வாங்குவது ஒருமுறை, புதுப்பிப்பது ஒவ்வொரு வருஷமும்.

எழுத்து மாறாத நாடுகளிலும் இந்தப் பிரச்சினை வெடித்திருக்கிறது. பிரிட்டனில் கடைக்காரர்கள் கோ டாட் யூகே என்றே பழகியிருந்தார்கள். 2014 ஜூன் 10 அன்று அந்நாட்டுப் பதிவகமான நாமினெட் நிறுவனம் நேரடியாக டாட் யூகே பெயர்களை விற்கத் தொடங்கியது. பழைய பெயர்க்காரருக்கு ஐந்து ஆண்டு முன்னுரிமை கொடுத்து, 2019 ஜூன் 25-உடன் மூடினார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பிடிக்காவிட்டாலும் வாங்கியே தீர வேண்டிய நிலை. ஆஸ்திரேலியாவில் 2022 மார்ச் 24-இல் நேரடி டாட் ஏயூ வந்தபோது முன்னுரிமைக் காலம் ஆறே மாதம், செப்டம்பர் 20 வரை. அங்கே ஒரு சிக்கல் கூடுதல்: ஒரே பெயரைக் காம் டாட் ஏயூவில் ஒருவரும் நெட் டாட் ஏயூவில் இன்னொருவரும் வைத்திருந்தால் புதுப் பெயர் யாருக்கு? இருவருக்கும் சம உரிமை இருந்தால் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், தீரும்வரை பெயர் பூட்டிக் கிடக்கும், விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்தப்பா பெரியப்பா பாகப்பிரிவினை மாதிரி.

இலவசமாகக் கொடுத்தார்களே?

ஆமாம். 2021 தொடக்கத்தில், டாட் இன் பெயர் பதிந்தால் இந்திய மொழியில் ஒரு பெயர் இலவசம் என்று டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்சி அறிவித்தது. இலவசம் என்றதும் எங்கள் தெருவிலேயே வாங்கியவர்கள் உண்டு, பயன்படுத்தியவரை நான் பார்க்கவில்லை. இலவசமாக வந்த பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வருஷம் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்று கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

தேடமாட்டார்கள், அவ்வளவுதான். 1999-இல் சென்னைத் தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகையை முன்வைத்தது. கால் நூற்றாண்டு ஆகிறது, கணினி மையத்தில் தமிழ் விசைப்பலகையைக் கேட்டால் இன்றும் விழிக்கிறார்கள். கைப்பேசியில் நிலைமை தேவலை, குரலிலேயே சொல்லிவிடலாம். ஆனாலும் “வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா” என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிற கூட்டம்தான் பெரிது. டொமைனுக்கு மட்டும் அவர்கள் விசைப்பலகை மாற்றுவார்களா? துபாயில் அலுவலகக் கணினியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஊர்க்காரருக்கு மாற்ற அனுமதியே இருக்காது. பக்கத்து மாநிலத்து வாடிக்கையாளருக்கோ பார்த்து அடிக்கவும் வராது.

வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் சொல்வதற்குத் தமிழ் முகவரி ஆங்கிலத்தைவிட நன்றாயிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘புள்ளி இந்தியா’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

இலங்கையில் நிலைமை வேறா?

அங்கே தொல்லை ஒன்று கூடுதல். டாட் எல்கே ஆங்கிலத்தில் இருக்கிறது, சிங்களத்தில் ‘லங்கா’ என்று ஒரு நீட்சி, தமிழில் ‘.இலங்கை’. கவனியுங்கள், சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒலியிலேயே வேறு. ஆகவே கொழும்பில் மும்மொழியிலும் பலகை வைக்கிற ஒரு கடை, முகவரியிலும் மும்மொழி காட்ட நினைத்தால் மூன்று பெயர், மூன்று எழுத்து, மூன்று புதுப்பித்தல். யாழ்ப்பாணத்தில் கடை வைத்துத் தமிழர்களுக்கு மட்டுமே விற்கிறவருக்கு ‘.இலங்கை’ பொருத்தமாகப் படலாம். ஆனால் அவருடைய வாடிக்கையாளரில் ஒரு பகுதி டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறது, அடுத்த தலைமுறையில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத மாட்டார்கள். அவர்களுக்கு டாட் எல்கேதான் கைக்கு வரும்.

ரஷ்யாவில் நன்றாக ஓடுகிறதே, நமக்கு ஏன் ஓடாது?

ரஷ்ய நீட்சி 2010 நவம்பர் 11-இல் பொதுமக்களுக்குத் திறந்ததும் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே லட்சக்கணக்கில் பெயர்கள் பதிவாயின. காரணம் எளிது: அங்கே விற்கிற ஒவ்வொரு விசைப்பலகையிலும் ரஷ்ய எழுத்து அச்சிட்டிருக்கும். பள்ளியிலிருந்து அலுவலகம் வரை ஒரே எழுத்தில்தான் அடிக்கிறார்கள். நம் விசைப்பலகையில் ஆங்கிலம் மட்டும். அடிக்கிற பழக்கம் அங்கே முன்பே இருந்தது, நீட்சி பின்னால் வந்தது. அங்கும் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். நல்ல பெயர்களை மறுவிற்பனைக்காக வளைத்துப்போட்டவர்கள் அதிகம். மின்னஞ்சலுக்குப் பழைய டாட் ஆர்யூவைக் கைவிடாதவர்களும் அதிகம்.

தமிழ் டொமைன் இருந்தால் கூகுளில் முன்னால் வருமா?

வராது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டு முகவரியில் ஒரே தளத்தை அப்படியே போட்டால் குழப்பம்தான் மிச்சம். ஒன்றை மற்றதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள்.

நாளை நாட்டின் பெயரையே மாற்றிவிட்டால்?

2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் ‘பாரத்’ என்று வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. டாட் இன் போன்ற ஈரெழுத்து நீட்சி, நாட்டுக் குறியீட்டுப் பட்டியலைப் பின்பற்றுவது. பெயர் மாறினாலும் குறியீடு மாறாமல் இருக்கலாம்: சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது, அதன் டாட் எஸ்இசட் அப்படியே இருக்கிறது. யூகோஸ்லாவியா மாதிரி நாடே இல்லாமல் போனால் நீட்சியும் போகும், அதன் டாட் ஒய்யூ 2010 மார்ச்சில் எடுக்கப்பட்டது, வைத்திருந்தவர்கள் வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்தார்கள். முழுப் பெயரையே நீட்சியாக வைத்தால் பெயர் அரசியலுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் உட்கார்கிறோம் என்பது உண்மை. இன்றைக்கு இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அறிமுகப்படுத்தியதே தவறு என்கிறீர்களா?

இல்லை. தவறு வரிசையில் இருக்கிறது. அரசுத் தளங்களின் படிவங்கள், அரசு மின்னஞ்சல் சர்வர்கள், பள்ளிக் கணினிகளின் விசைப்பலகை மூன்றையும் முதலில் சரிசெய்துவிட்டு நீட்சியை விற்றிருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் இருந்திருக்காது. முதலில் விற்றார்கள், சரிசெய்கிற சுமை கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஒவ்வொரு படிவத்திலும் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

தமிழ் வாசகருக்காகவே நடத்துகிற தளம் என்றால் வாங்குங்கள்: இலக்கிய இதழ், கோயில் வரலாறு, பள்ளித் தமிழ் மன்றம். கடை என்றால் முதலில் டாட் இன் அல்லது டாட் காம், அதில் மின்னஞ்சல், அதன் பிறகு ஆசைக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று வாங்கி அங்கே திருப்பிவிடுங்கள். பலகையில் இரண்டையும் எழுதுங்கள். பணம் புழங்குகிற தளத்துக்கு, வங்கி விவரம் கேட்கிற தளத்துக்குத் தமிழ் முகவரியை மட்டும் நம்ப வேண்டாம். எஸ்எஸ்எல் சான்றிதழுக்குக் கவலையில்லை, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2016-இலிருந்தே இத்தகைய பெயர்களுக்கு இலவசமாகத் தருகிறது.

வாங்கும் பதிவாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பிற்பாடு வேறு பதிவாளருக்கு மாற்ற வேண்டுமென்றால் அங்கே இந்த நீட்சி விற்கிறார்களா? எல்லாரும் விற்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், பயன்படவில்லை. புதுப்பிக்காமல் விட்டுவிடட்டுமா?

எங்கும் அச்சிடாத பெயர் என்றால் விடலாம். பலகையிலோ பில் புத்தகத்திலோ கல்யாணப் பத்திரிகை விளம்பரத்திலோ ஒருமுறை அச்சாகிவிட்டது என்றால் உடனே விடாதீர்கள். காலாவதியான பெயர்களைக் காத்திருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தவர் அங்கே சூதாட்டத் தளம் வைத்தால் உங்கள் பலகை அதற்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கும். அந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. புதிதாக எடுத்தவர் அதே முகவரியை உருவாக்கி, நீங்கள் அதை வைத்துத் திறந்த கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றக் கோரலாம். ஆகவே முதலில் அந்த முகவரியைக் கொடுத்த இடங்களிலெல்லாம் வேறு மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பலகையை அழியுங்கள். பழைய பில் புத்தகம் தீரட்டும். அதுவரை இரண்டு மூன்று வருஷம் புதுப்பித்துக்கொண்டு, பிறகு விடுங்கள்.